ஒரு மஃப்ளர் போன தூரம்

டொராண்டோவில் இருக்கும் என் தோழிக்கு நான் பின்னிக் கொடுத்த மஃப்ளரின் பூர்வீகம் ஸ்பெயின். மெரினோ என்ற செம்மறி இனம் அந்த நாட்டின் பொக்கிஷம். அதன் கம்பளியை ஐரோப்பாவெங்கும் விற்றுக் காசு பார்த்த ஸ்பெயின் அரசர்கள், ஆட்டை மட்டும் எல்லை தாண்ட விடாமல் நெடுங்காலம் காவல் காத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கட்டு தளர்ந்தது. அரசருக்கு அரசர் கொடுத்த அன்பளிப்பாக மெரினோக்கள் பிற நாடுகளுக்குப் போயின. டச்சுக்காரர்களுக்கு அப்படிக் கிடைத்த ஆடுகளின் வழிவந்தவை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் மேய்ந்தன. 1797இல் இரண்டு ஆங்கிலேயக் கடற்படை அதிகாரிகள் அவற்றில் சிலவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றி, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். இன்று உலகத்தில் உடுத்தும் துணிக்கான மென்கம்பளி அதிகம் விளைவது ஆஸ்திரேலியாவில்தான். அன்பளிப்பாகப் புறப்பட்ட ஆட்டின் ரோமம் இன்னோர் அன்பளிப்பாக என் கைக்கு வந்து போனதில் எனக்குத் தனி சந்தோஷம்.

மெரினோதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் தோழியின் கழுத்து. குன்னூரில் நாங்கள் படித்த காலத்தில் யூனிஃபார்ம் ஸ்வெட்டர் எல்லாருக்கும் உண்டு. அவள் மட்டும் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகிக்கொண்டு வருவாள். எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் கழுத்து சிவந்துபோகும். கம்பளியே ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று அவள் வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள்.

கம்பளி குத்துவதன் காரணம் பெரும்பாலும் ரோமத்தின் பருமன். ரோமத்தை மைக்ரான் கணக்கில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி பெரும்பாலும் 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். ஆட்டு ரோமம் 30 மைக்ரானைத் தாண்டினால், நூலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் முனை வளைந்து கொடுக்காது. தோலில் ஊன்றி, அடியில் இருக்கும் நரம்பு முனையைச் சீண்டும். மெல்லிய ரோமம் தோலைத் தொட்டதுமே மடங்கிவிடும். மெரினோ 24 மைக்ரானுக்குள், நல்ல ரகம் 20க்கும் கீழே. மலிவான ஸ்வெட்டர்களில் தடித்த ரோமமும் கலந்திருக்கும், அவ்வளவுதான். தோழி கனடா போவது முடிவானதும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “ஏய், கழுத்துல குத்தாம ஒண்ணு பின்னிக் குடுடி. வேற எதுவும் வேணாம்.”

உள்ளூர்க் கம்பளியிலேயே பின்ன வேண்டும் என்பதுதான் என் முதல் ஆசை. நீலகிரிக்கென்றே ஒரு செம்மறி இனம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய இனங்கள் கலந்து இந்த மலையில் உருவான இனம் அது. ரோமம் மென்மையானது, உடுத்தத் தகுந்தது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்த்துக் காப்பாற்றி வருகிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் மத்திய அரசின் செம்மறிப் பண்ணை 1965 முதல் இருக்கிறது. அங்கே வளர்வது பாரத் மெரினோ. இவ்வளவு இருந்தும், நீலகிரி ஆட்டு ரோமத்தில் திரித்த பின்னல் நூல் எங்கள் ஊர்க் கடைகளில் என் கண்ணில் பட்டதில்லை. ஆடுகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. குளிர்ப் பிரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு கடல்கடந்து வந்த கம்பளியை வாங்குகிறோமே என்ற வருத்தம் எனக்கு இப்போதும் உண்டு.

ஆக, ஆஸ்திரேலியா. அங்கே ஆண்டுக்கு ஒரு முறை ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பார்கள். கைதேர்ந்த ஆள் ஓர் ஆட்டுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் சில நிமிஷங்கள்தான். ரோமம் ஒரு போர்வையைப் போல முழுசாகக் கழன்று வரும். ஒரு மெரினோவிடமிருந்து 4, 5 கிலோ கிடைக்கும்; அதில் மண்ணும் வியர்வை உப்பும் லனோலின் என்ற மெழுகும் சேர்ந்த எடை கணிசம். பொதிகளிலிருந்து மாதிரி எடுத்து மைக்ரான் அளந்து சான்றிதழ் ஒட்டிய பிறகு மெல்போர்ன், சிட்னி, ஃப்ரீமான்டில் ஆகிய இடங்களில் ஏலம் நடக்கும். இந்தியாவிலும் கம்பளி விளைகிறது. ஆனால் ராஜஸ்தான் பக்கத்து ரோமம் பெரும்பாலும் கம்பளத்துக்குத்தான் ஏற்றது. அதனால் உடுத்தும் கம்பளிக்கு நம் ஆலைகள் ஆஸ்திரேலியாவை நம்பியிருக்கின்றன.

அந்த ஆலைகள் நிறைந்த ஊர் லூதியானா. 1833இல் காஷ்மீரைப் பஞ்சம் பிடுங்கித் தின்றபோது அங்கிருந்து இறங்கிவந்த சால்வை நெசவாளர்கள் அந்த ஊரில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த தொழில்தான் கிளைத்துப் பின்னலாடை நகரமாக வளர்ந்தது. ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையில் திபெத்தியர் மார்க்கெட்டில் அடுக்கிவைத்திருக்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை லூதியானா சரக்குதான். நல்ல மெரினோ நூலில் ரோமங்களைச் சீவிச் சீவி ஒரே வாட்டத்தில் படியவைத்து, குட்டையானவற்றை ஒதுக்கிவிட்டு, நீளமானவற்றை மட்டும் முறுக்குவார்கள். முறுக்கிய இழைகளை எதிர்ப்பக்கமாகச் சேர்த்து மறுபடி முறுக்கினால் பின்னல் நூல். குட்டை முனைகள் குறைவு என்பதால் குத்துவதும் குறைவு.

கடைக்காரரிடம் நான் எப்போதும் ஒரு சோதனை கேட்பேன். அவரும் சளைக்காமல் செய்து காட்டுவார். நூல்கண்டிலிருந்து ஒரு விரற்கடை வெட்டித் தீக்குச்சியில் காட்டினால், கம்பளி சுருண்டு கருகி முடி பொசுங்கும் வாடை அடிக்கும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டிக் கெட்டி மணியாக நிற்கும். ‘உல்லன்’ என்று சொல்லி விற்பதில் முக்கால்வாசி அக்ரிலிக்தான். துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது, விலையும் குறைவு. தோள்பைக்கும் பொம்மைக்கும் நான் அதைத்தான் வாங்குவேன். மைனஸ் 20 பாகையில் காலை 5 மணிக்குப் பஸ்ஸுக்கு நிற்கப்போகிற என் நர்ஸ் தோழியின் கழுத்துக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

நிறம் அவள் சொன்னது. சோலைக் காடுகளில் துளிர் விடும்போது இலை பச்சையாக வராது. செம்பும் துருவும் கலந்த சிவப்பில் மரமே பற்றிக்கொண்டது போல நிற்கும். அந்தச் சிவப்பு வேண்டும் என்றாள். கடையில் நெருங்கி வந்த ஒரு நிறம் கிடைத்தது. கடைக்காரர் லேபிளில் லாட் நம்பரைக் காட்டி, “எல்லாத்தையும் ஒரே லாட்டுல எடுத்துக்குங்கம்மா. அடுத்த லாட்டு வந்தா ஒரு சொட்டு கம்மியோ கூடவோ இருக்கும்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. சாயத்தொட்டி மாறினால் அதே நம்பர் நிறமும் மாறும். கண்டாக இருக்கும்போது தெரியாத வித்தியாசம், பின்னிய பிறகு குறுக்கே கோடு கிழித்த மாதிரி நிற்கும்.

பின்னலைப் பற்றி நான் பேசிக்கொண்டே இருப்பேன். நெசவில் பாவும் ஊடையுமாக இரண்டு திசையில் நூல் ஓடும். பின்னலில் ஒரே நூல்தான். ஏற்கெனவே இருக்கும் கண்ணிக்குள்ளிருந்து புதுக் கண்ணியை இழுத்து எடுக்க வேண்டும், அதற்குள்ளிருந்து அடுத்தது. அதனால்தான் அது எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுத்து வாங்கும். கண்ணியை நம் பக்கமாக எடுத்தால் நிட், மறுபக்கமாக எடுத்தால் பர்ல். இந்த இரண்டை வைத்துத்தான் உலகத்து ஸ்வெட்டர்கள் எல்லாம்.

தோழிக்கு நான் தேர்ந்தெடுத்தது இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப். எழும்பிய வரியும் பள்ளமும் மாறி மாறி வருவதால் துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமில்லை. எப்படிச் சுற்றினாலும் நல்ல பக்கம்தான் வெளியே தெரியும். அதைவிட முக்கியம், அந்தப் பள்ளங்களில் தங்கும் காற்று. குளிரைத் தடுப்பது அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்று. கம்பளி அதைப் பிடித்துவைக்கும் கூடு. தட்டையாக, இறுக்கமாகப் பின்னிய மஃப்ளர் பார்க்க நேர்த்தியாக இருக்கும். கழுத்தில் கதகதப்பு இருக்காது.

ஊசி 8ஆம் நம்பர், அதாவது 4 மில்லிமீட்டர். நம் ஊர் ஊசிக் கணக்கு பழைய ஆங்கிலேயக் கணக்கு. நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, காயவைத்து, ஸ்கேல் வைத்து எண்ண வேண்டும். பலர் இதைத் தவிர்த்துவிடுவார்கள். ஒருவரின் அளவுக்கென்று பின்னும்போது இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கட்சி. ஒரே நூல், ஒரே ஊசி, இரண்டு பேர் கை என்றால் இரண்டு அகலம் வரும். ரிப்பில் எனக்கு 20 செ.மீ. அகலத்துக்கு 54 கண்ணி வந்தது. கண்ணியின் எண்ணிக்கையை 4ஆல் வகுத்தால் 2 மிஞ்ச வேண்டும். அப்போதுதான் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி முடியும். 20 செ.மீ.க்கு மேல் போனால் அவள் வேலைக்குப் போட்டுப்போகும் ஜாக்கெட்டின் ஜிப் கழுத்து வரை ஏறாது என்று வீடியோவில் போட்டுக் காட்டினாள். நீளம் 170, இரண்டாக மடித்து, மடிப்புக்குள் நுனிகளை விட்டு இழுத்துக்கொள்வது அவள் வழக்கம். கணக்குப் போட்டால் 25,000 கண்ணிக்கு மேல்.

இந்தக் கைத்தொழிலும் ஸ்பெயின் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது என்று படித்தபோது நான் சிலிர்த்துப்போனேன். பழைய பின்னல் துண்டுகள் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் கிடைத்த ஆகப் பழைய பின்னல்களில் ஒன்று, 1275இல் இறந்த ஸ்பெயின் இளவரசர் ஃபெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறையில் இருந்த பட்டுத் தலையணை உறை. ஓர் அங்குலத்துக்குச் சுமார் 20 கண்ணி, அவ்வளவு நுணுக்கம். கிறிஸ்தவ அரச குடும்பத்துப் பிள்ளையின் தலைமாட்டில் இருந்த அந்த உறையில், அரபு மொழியில், கூஃபி எழுத்தில் ‘பரக்கத்’ என்று பின்னியிருக்கிறது. வாழ்த்தைக் கண்ணி கண்ணியாக எண்ணி வைத்த அந்தக் கை யாருடையதோ, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

நானும் ஓர் எழுத்து வைத்தேன். தோழியின் பெயர் ‘ம’வில் தொடங்கும். பின்னலுக்கு வாகான எழுத்து அது. ட, ப, ம, ய எல்லாம் பெரும்பாலும் நேர்க்கோட்டில் நிற்பவை. ஆனால் சாதாரணக் கட்டத்தாளில் வரைந்து அப்படியே பின்னினால் எழுத்து குட்டையாக நசுங்கிப்போகும். ஏனென்றால் கண்ணி சதுரமில்லை. உயரத்தைவிட அகலம் அதிகம். என் கையில் 5 செ.மீ. அகலத்துக்கு 11 கண்ணி, அதே உயரத்துக்கு 15 வரிசை. கட்டத்தை அந்தக் கணக்கில் போட்டேன். இன்னொரு சிக்கலும் உண்டு: பர்ல் கண்ணிகள் படுக்கைவாட்டில் எழும்பித் தெரியும், செங்குத்தாக அடுக்கினால் உள்ளே அமுங்கிவிடும். ‘ம’வின் கால்கள் காணாமல் போகாமலிருக்க, கோடுகளை நிட்டும் பர்லும் கட்டம்விட்டுக் கட்டம் மாறிவரும் மாஸ் பின்னலில் தடிப்பாகப் போட்டேன். ரிப்புக்கு நடுவே எழுத்து எடுபடாது என்பதால் மஃப்ளரின் ஒரு நுனியில் தட்டைப் பின்னலில் ஒரு கட்டம். தட்டைப் பின்னல் ரிப்பைவிட அகலமாக விரிந்து நிற்கும். 54 கண்ணியை 44ஆகக் குறைத்தால்தான் அகலம் 20லேயே நிற்கும்.

முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, மெத்தை மேல் அளவு பார்த்துக் குண்டூசி குத்திக் காயப்போட்டேன். ஐப்பசி மழையில் குன்னூரில் எதுவும் சீக்கிரம் காயாது. அறை முழுக்க ஈரக் கம்பளி வாடை.

அதற்குள் அவள் போய்ச் சேர்ந்திருந்தாள். தபாலில்தான் அனுப்ப வேண்டும். சுங்க அறிவிப்புப் படிவத்தில் பொருளுக்கு ஒரு நம்பர் போட வேண்டும். பின்னல் மஃப்ளருக்கு உலகமெங்கும் 611710. நெய்ததாக இருந்தால் வேறு நம்பர். கவுண்டரில் இருந்த அம்மா, “உள்ள என்னங்க?” என்றார்.

“கம்பளி மஃப்ளர் மேடம். நானே பின்னினது. ஃப்ரெண்டுக்கு.”

“மதிப்பு எவ்வளவு போடட்டும்?”

நூல் வாங்கிய பில் தொகையைச் சொன்னேன். கனடாவில் 60 டாலர் வரை அன்பளிப்புக்கு வரி இல்லை; அது அதற்குள் அடங்கியது. அந்த அம்மா உறையை மூடும்முன் மஃப்ளரைத் தொட்டுப் பார்த்து, “குத்தவே இல்லையே” என்றார். கடல் தாண்டும்முன் கிடைத்த முதல் தீர்ப்பு அது.

தோழி ஸ்கார்பரோவில் வாழ்கிறாள். இடியாப்ப மாவும் கறிவேப்பிலையும் நடந்துபோய் வாங்கிவரும் தூரத்தில் கிடைக்கும். தமிழ் காதில் விழாத நாளில்லை. குளிர் மட்டும் எங்கள் குளிரில்லை. ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி விழுந்தால் ஃபோட்டோ எடுக்கப் போவோம். அங்கே ஒன்டாரியோ ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று முகத்தை அறையும் என்று முதல் மார்கழியில் எழுதினாள். மஃப்ளரை மூக்கு வரை ஏற்றிக்கொண்டு நிற்பாளாம். மூச்சின் ஈரம் துணியில் படியும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். அக்ரிலிக்காக இருந்தால் ஈரம் மேலேயே நின்று சில்லிட்டிருக்கும். கழுத்து சிவக்கவில்லை என்று ஒரு படமும் அனுப்பினாள். அந்தப் படத்தை அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் அது வாஷிங் மெஷினுக்குள் போனது. அவள் நைட் டியூட்டியில் இருந்தபோது, உதவியாக இருக்கட்டுமே என்று வீட்டுக்காரர் துண்டுகளோடு சேர்த்துச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டார். “நாசமாப் போச்சுடி, பாதி கூட இல்ல” என்று அழுதாள். அவள் காட்டியதைப் பார்த்தேன். ரிப்பின் பள்ளங்கள் தூர்ந்து, கெட்டி அட்டை மாதிரி ஒரு பட்டை.

கம்பளி ரோமத்தின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு, எல்லாம் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். சூடும் சோப்பும் செதில்களைத் தூக்கிவிடும். மெஷின் புரட்டப் புரட்ட ஒவ்வொரு ரோமமும் ஒரே திசையில்தான் நகர முடியும், திரும்பி வர முடியாது. பக்கத்து ரோமங்களில் மாட்டி இறுகிவிடும். இதற்கு மாற்று மருந்தே இல்லை. கூந்தல் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. லேசான சுருக்கத்துக்குச் சரி, இந்த அளவுக்குப் பலிக்காது.

தூக்கிப்போட வேண்டாம் என்றேன். இப்படி இறுகிய கம்பளி ஃபெல்ட் ஆகிவிடும். கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனதால் கத்தரிக்கோலால் எங்கே வெட்டினாலும் பிரியாது. காற்றும் எளிதில் புகாது. என்னைச் சித்தி என்று கூப்பிடும் அவள் மகளுக்கு அப்போது 6 வயது. அந்தக் கழுத்துக்கு அளவெடுத்து வெட்டி, ஒரு பெரிய பொத்தான் தைத்து, ஸ்கூலுக்குப் போட்டனுப்பினாள். மிஞ்சிய துண்டு பூட்ஸுக்குள் மிதியட்டை ஆயிற்று. ‘ம’ இருந்த கட்டத்தைக் கழுத்துப் பக்கம் வருமாறு வெட்டியிருக்கிறாள். தடவினால் எழுத்து தெரியும் என்கிறாள்.

இப்போது இரண்டாவது மஃப்ளருக்கு நூல் வாங்கியாகிவிட்டது. மெஷினில் போடக்கூடிய மெரினோ வேண்டும் என்று கேட்டாள். குளோரினால் செதில் முனைகளைத் தேய்த்து, மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுத்த ரகம் அது. பூச்சில்லாத கம்பளிதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்த்து, குழந்தையையும் கவனிப்பவள் கையால் அலசி மெத்தையில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்க முடியாது. அவள் கேட்டதே நியாயம். பூச்சுக் கொடுத்த நூல் நனைந்தால் தொய்ந்து நீளும். அதனால் ஊசியை 9ஆம் நம்பருக்கு மாற்றி, மாதிரித் துண்டையும் மெஷினிலேயே துவைத்து அளக்கச் சொல்லியிருக்கிறேன். துண்டு அவளிடம் போய் வந்துகொண்டிருக்கிறது. அகலம் 26 வேண்டுமாம். ஜாக்கெட் மாற்றிவிட்டாள், மூக்கு வரை ஏற்றினால் பின்கழுத்து திறந்துகொள்கிறதாம்.

ஒரு நுனியில் ‘ம’ இருக்கட்டும், இன்னொரு நுனியில் தன் எழுத்து வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள். அவள் பெயர் ‘ஜ’வில் தொடங்குகிறது. நேர்க்கோடே இல்லாத எழுத்து. 19 கண்ணி அகலம், 25 வரிசை உயரத்தில் வரைந்து பார்த்தேன். அடிச் சுழி கொழகொழவென்று வருகிறது. சுழியின் உள்வெளியை இரண்டு கண்ணி கூட்டி மறுபடி வரைய வேண்டும்.